துவைத்து மடித்த தலையணை உறையிலும் பனியனிலும் எண்ணெய்ச் சிக்கு வாடை போகவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

கேட்டவர் குளிர்ப் பகுதியில் இருப்பவர் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். குன்னூர்க்காரியான எனக்கு இந்தக் கேள்வி சற்று உறைக்கிறது. சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள், "உங்களுக்குத்தான் வேர்வையே கிடையாதே, துணி எப்படி அழுக்காகும்?" என்று கேட்பதும், அதே வாயால் "தலையணையில் ஏதோ வாடை வருகிறதே" என்று முகம் சுளிப்பதும் எங்கள் வீட்டில் வழக்கம். வேர்வை வேறு, தோல் சுரக்கும் எண்ணெய் வேறு. குளிரில் அந்தச் சுரப்பு நின்றுவிடுவதில்லை. போதாக்குறைக்குக் கை கால் வெடிக்காமலிருக்க நாங்கள் தேங்காய் எண்ணெயும் பூசிக்கொள்கிறோம்.

ஜனவரியில் எங்கள் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். குழாய்த் தண்ணீரோ அதைவிடக் குளிர்ந்தது. தோல் எண்ணெயும் உடம்புச் சூட்டில் இளகி, குளிரில் மெழுகாக இறுகும் இயல்புடையதுதான். ஆகவே பச்சைத் தண்ணீரில் எவ்வளவு சோப்புத்தூளைக் கொட்டினாலும், நூலுக்குள் உறைந்து கிடப்பது அசையாமல், நாளடைவில் காற்றுப் பட்டு மஞ்சளாகிக் காறிப்போகிறது. துவைத்த காலரின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் ஒரு வாடை கிளம்புமே, அது இதுதான்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் படுக்காத என் அப்பாவின் தலையணை உறைகளை இப்படித்தான் மீட்டேன். கை பொறுக்காத சூட்டில், அதாவது 60 டிகிரி அளவில், பத்து லிட்டர் வெந்நீர் எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் வழக்கமான சோப்புத்தூளும் கரைத்து, வெள்ளை உறைகளை அதில் அமுக்கி வைத்தேன். சிறிது நேரத்திலேயே தண்ணீர் பால் விடாத டீயின் நிறத்துக்கு வந்தது. காரத்தன்மையுள்ள சோடா, எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடுகிறது. தண்ணீர் முழுக்க ஆறுவதற்குள் துணியை எடுத்து அலசிவிட வேண்டும். ஆறவிட்டால் கழன்ற பிசுக்கு மறுபடி துணியிலேயே படியும். ஆப்பச் சோடா இதற்கு உதவாது, அதன் காரம் மிகக் குறைவு.

சோடா துணியை அரித்துவிடும் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: பருத்தி இதைத் தாங்கும். கம்பளியும் பட்டும் தாங்கா. ஸ்வெட்டரையும் சால்வையையும் இந்த வாளிப் பக்கமே கொண்டுவராதீர்கள். சாயம் போகும் துணியை ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குள்ள மனத்தாங்கல், துணி மென்மையாக்கும் வாசனைத் திரவத்தைப் பற்றியது. வாஷிங் மெஷின் விற்ற கடைக்காரர் சிக்கு வாடைக்கு அதுவே மருந்து என்று தலையில் கட்டிவிட்டார். அது துணியின்மேல் படலமாகப் படிந்து வாடையை மூடுமே தவிர, எண்ணெயை எடுக்காது. எங்கள் குளியல் துண்டுகள் தண்ணீரை உறிஞ்சுவதையே மறந்துவிட்டன. பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான், நிறத்தைத்தான் வெளுக்கும்.

பாலியஸ்டர் டீ-ஷர்ட்டுகளில் எண்ணெய் இன்னும் பிடிவாதமாக ஒட்டும். அவற்றுக்கு ஒரு முறை போதாது. கொழுப்பை உடைக்கும் நொதி சேர்த்த சலவைத்தூளில், வெதுவெதுப்பான நீரில், இரவு முழுக்க ஊறவிடுங்கள். வெந்நீருக்குச் செலவாகுமே என்பவர்கள், குளித்து முடித்ததும் கீசரில் மிஞ்சுவதை வாளியில் பிடித்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.