இனித்த ஆரஞ்சு மரத்தில் புளிக்கும் பழம்

கேள்வி: கொல்லையில் ஆரஞ்சு ஒட்டுக்கன்று வைத்து ஏழு வருடம் ஆகிறது. முதலில் நல்ல இனிப்பாகக் காய்த்தது. ஒரு கோடையில் பாதி மரம் பட்டுப்போய், பிறகு அடியிலிருந்து தழைத்தது. இப்போது எலுமிச்சை அளவில் ஆரஞ்சு நிறப் பழம். தோல் சுலபமாக உரிகிறது, ஆனால் சுளை வாயில் வைக்க முடியாத புளிப்பு. இது என்ன பழம்?

பதில்: முதலில் மரத்தின் அடியைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு புடைத்தோ வளைந்தோ இருக்கும். பட்டையின் சொரசொரப்பும் அதற்கு மேலே ஒருவிதம், கீழே ஒருவிதமாக இருக்கும். அதுதான் ஒட்டு. இப்போது காய்க்கும் கிளையை விரலால் தடவியபடியே கீழே இறங்குங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால், நீங்கள் வாங்கிய ஆரஞ்சு போய், அதைத் தாங்கிய வேர்ச்செடி மரமாகிவிட்டது என்று பொருள். முள்ளை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வேகமாக வளரும் ஆரஞ்சுக் கிளையிலும் முள் வரும்.

நீங்கள் சொல்லும் அடையாளம் ரங்கபூர் எலுமிச்சைக்குப் பொருந்துகிறது. வேர்ச்செடியாகப் பரவலாகப் பயன்படுவது அது. உறுதி செய்ய, ஒரு விதையைத் தோல் நீக்கிப் பிளந்து பாருங்கள். பருப்பு வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்து, இலைக்காம்பின் இருபுறமும் அகலமான இறக்கையும் இருந்தால் அது புளிப்பு ஆரஞ்சு; அதன் தோல் தடித்துக் கசக்கும், பழுத்ததும் சுளைகளுக்கு நடுவே உள்ள தண்டு பொள்ளலாகிவிடும். கலமாண்டின் என்ற சிறிய புளிப்புப் பழ வகைக்கும் பருப்பு பச்சைதான். ஆனால் அதன் பழம் மூன்று, நான்கு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது, பூமொட்டும் தூய வெள்ளை. ரங்கபூரின் மொட்டிலும் இளந்தளிரிலும் லேசான ஊதாச் சாயல் தெரியும். ஒவ்வொரு காம்பிலும் மூன்று சிற்றிலைகள் இருந்தால் கதையே வேறு: அது மூவிலை ஆரஞ்சு.

ஒட்டுக்கு மேல் உயிருள்ள கிளை ஒன்றாவது இருந்தால் அதைக் காப்பாற்றலாம். கீழிருந்து வருபவற்றை ஒரேயடியாக வெட்டாமல், ஒன்றிரண்டாகக் குறைத்து வாருங்கள். புதுத்துளிரை இளசிலேயே அடியோடு பிய்த்தெடுங்கள். கத்தரித்துக் குச்சி விட்டால் அதிலிருந்து நாலு துளிர் வரும். மேலே எதுவுமே இல்லையென்றால், பட்டை சுலபமாகக் கழன்று வரும் பருவத்தில் இதே மரத்தில் நல்ல ஆரஞ்சு மொட்டை ஒட்டுக்கட்டலாம். வேர் திடமாக இருக்கும் மரத்தைப் பிடுங்கி எறிய வேண்டாம்.

கேள்வி: பெயர் தெரியாத ஆரஞ்சு இன மரம். காய் பெரிதாகியும் பச்சையாகவே இருக்கிறது. பழுத்ததை எப்படி அறிவது?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். இரவில் குளிர் இறங்காத இடங்களில் பல வகைகள் பச்சையாகவே பழுத்துவிடும். பறித்து வைத்தாலும் இனிப்பு ஏறாது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வெட்டி ருசி பாருங்கள்; புளிப்பு குறைந்து சாறு கூடிக்கொண்டே வந்தால் பொறுங்கள். சுளை உலர்ந்து சக்கையாகத் தொடங்கினால் பருவம் தாண்டிவிட்டது.