2023-ன் பெரிய கேம்களும் கூட்டத்தில் தொலைந்துபோன கேம்களும்

கேள்வி: 2023-ல் வந்த பெரிய பட்ஜெட் வீடியோ கேம்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? யாரும் கண்டுகொள்ளாமல் போன நல்ல கேம் எது?

பெரிய பட்ஜெட்டில் 'பால்டர்ஸ் கேட் 3'. கண்டுகொள்ளாமல் விடப்பட்டதில் 'ஷேடோ கேம்பிட்: தி கர்ஸ்டு க்ரூ'. முதல் பெயரில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. இரண்டாவதைச் சொன்னால், வாரக் கடைசி முழுக்கக் கன்ட்ரோலரும் கையுமாக இருக்கும் என் நண்பர்களே "அது எப்போடா வந்தது?" என்று கேட்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2023 அப்படிப்பட்ட ஆண்டு. பிப்ரவரியில் 'ஹாக்வார்ட்ஸ் லெகசி', மார்ச்சில் 'ரெசிடென்ட் ஈவில் 4' மறு ஆக்கம், மே மாதம் செல்டா, ஜூன் மாதத்தில் மட்டும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6', 'டியாப்லோ 4', 'ஃபைனல் ஃபேன்டஸி 16' என்று மூன்று. அக்டோபர் 20-ஆம் தேதி ஒரே நாளில் 'ஸ்பைடர்மேன் 2'-வும் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்'-உம் இறங்கின. பொங்கலுக்கு நாலு பெரிய ஹீரோ படம் வரும்போது சின்னப் படத்துக்குத் தியேட்டர் கிடைக்காதே, அந்த நிலைமைதான். பால்டர்ஸ் கேட்டே கொஞ்சம் பயந்தது. ஆகஸ்ட் 31 என்று சொல்லியிருந்த கணினிப் பதிப்பை, செப்டம்பர் 6-ஆம் தேதி வரவிருந்த 'ஸ்டார்ஃபீல்டு'க்கு வழிவிட்டு ஆகஸ்ட் 3-க்கு முன்னால் தள்ளினார்கள். யானைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒதுங்கிக்கொண்டன. ஷேடோ கேம்பிட் ஆகஸ்ட் 17-ஆம் தேதி சரியாக நடுவில் வந்து நின்றது.

தேர்வுக்கு முன்னால் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். கிராஃபிக்ஸ், கதை, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். கேமை அணைத்துவிட்டு பஸ்ஸில் போகும்போது "அந்த இடத்தை இப்படிச் செய்து பார்த்தால் என்ன?" என்று மண்டைக்குள் ஓட வேண்டும். திரையில் அம்புக்குறி காட்டி, "இங்கே போ, இதை அழுத்து" என்று கூட்டிக்கொண்டு போகும் கேம்களை என்னால் முடிக்கவே முடிவதில்லை. அந்த ஆண்டு பலர் கொண்டாடிய ஒரு பெரிய கேமை அதனாலேயே பாதியில் விட்டேன். பெயர் வேண்டாம், கமெண்டில் சண்டை வரும்.

பால்டர்ஸ் கேட் 3 பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த லாரியன் ஸ்டூடியோஸ் செய்தது. 2020 அக்டோபரிலேயே முழுமை பெறாத பதிப்பை விற்பனைக்கு விட்டு, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆட்டக்காரர்களை வைத்தே மெருகேற்றினார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற கற்பனைக் கதை விளையாட்டின் விதிகள்தான் அடிப்படை. பேசி மயக்குவது, பூட்டை உடைப்பது, பொய் சொல்வது என எல்லாவற்றையும் 20 பக்கப் பகடை ஒன்று தீர்மானிக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது பகடை இல்லை, விதிகளுக்குள் அவர்கள் விட்டுவைத்திருக்கும் சந்துபொந்துகள்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். செத்தவர்களோடு பேசும் மந்திரம் ஒன்று இருக்கிறது. பிணம் எழுந்து ஐந்து கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லும். ஆனால் அந்த ஆளைக் கொன்றவரே போய்க் கேட்டால் வாயைத் திறக்காது. நியாயம்தானே? சரி, வேறொருவராக உருவம் மாறும் மந்திரமும் கேமில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு புது முகத்தோடு போய் நின்றால், அந்த அப்பாவிப் பிணம் எல்லாவற்றையும் ஒப்பிக்கும். இப்படிச் செய்யலாம் என்று கேம் எங்கேயும் சொல்லித் தருவதில்லை. நாமாக யோசிக்கிறோம், "சும்மா செய்துதான் பார்ப்போமே" என்று செய்கிறோம், எழுதியவர் நமக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். பூதக் கும்பலின் முகாமில் வாள் எடுக்காமல் அவர்கள் குடிக்கும் சாராயத்தில் விஷம் கலந்துவிட்டு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதும் இதே ரகம். டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருது இதற்குப் போனபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. கதையின் மூன்றாம் பகுதி முதல் பகுதி அளவுக்குச் செதுக்கப்படவில்லை என்பது என் கருத்து. அப்புறம், கேமில் நம்மோடு வரும் தோழர்களில் எல்லோரும் அஸ்டேரியன் பின்னால் போகிறார்கள், என் ஓட்டு கார்லாக்குக்கு.

இரண்டாவது பெரிய கேம் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்'. இது வெளியான மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதி விற்றது. அதுவும் 2017-ல் வந்த ஸ்விட்ச் என்ற சின்னக் கருவியில் ஓடிக்கொண்டு! இரண்டையும் செய்த நிண்டெண்டோவுக்கு நம்மூரில் நேரடி விற்பனை இல்லாததால் இறக்குமதிக் கடைகளில் விலை விசாரித்தே இங்கே பலருக்கு ஆசை அடங்கிவிடும்.

இதிலும் நான் கதையைத் துரத்தவில்லை. ராஜ்ஜியம் முழுக்க ஆடிசன் என்றொரு ஆள், தன் முதலாளியின் படம் போட்ட விளம்பரப் பலகையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். விட்டால் பலகை விழுந்துவிடும். பக்கத்திலேயே மரக்கட்டைகள், பலகைகள், சில சமயம் சக்கரங்கள் கிடக்கும். எந்தப் பொருளையும் தூக்கி இன்னொன்றோடு ஒட்டும் சக்தி நம்மிடம் இருக்கிறது. முட்டுக் கொடுத்துவிட்டு அவனிடம் "விட்டுப் பார்" என்று சொல்ல வேண்டும். அவன் கையை எடுக்கும் அந்த நொடியில் பலகை லேசாகச் சாயும் பாருங்கள், நின்றுவிடுமா கவிழுமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். நின்றால் கொஞ்சம் காசும் சாப்பாடும் தருவான். அவ்வளவுதான் பரிசு. உலகத்தைக் காப்பாற்றும் வேலையை ஓரம்கட்டிவிட்டு நான் தேடித் தேடிச் செய்தது இந்தக் கூலி வேலையைத்தான். ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு விதமாகக் கோணியிருக்கும், ஒரே முட்டு இரண்டாவது இடத்தில் செல்லாது.

தலைக்கு மேலே இருக்கும் பாறையைத் துளைத்து உச்சிக்குப் போகும் சக்தி ஒன்றும் இதில் உண்டு. குகைகளைச் சோதித்துப் பார்க்கும்போது சட்டென்று வெளியே வர டெவலப்பர்கள் தங்களுக்காக வைத்திருந்த குறுக்குவழி அது. நமக்கும் இருக்கட்டுமே என்று இயக்குநர் ஃபுஜிபயாஷி அதை விட்டுவைத்தார். இந்தத் தாராளம்தான் இந்த கேமின் குணம்.

'ஆலன் வேக் 2' பற்றி ஒரு பத்தி போதும். பின்லாந்தின் ரெமெடி நிறுவனம் செய்தது. திகில் கதைக்கு நடுவில் திடீரென்று ஒரு முழுப் பாட்டுக் கச்சேரி வரும், அதற்காகவே விளையாடலாம். சண்டைகள் எனக்குச் சுமார்தான்.

இனி ஷேடோ கேம்பிட். ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த மிமிமி கேம்ஸ் இதற்கு முன் 'ஷேடோ டாக்டிக்ஸ்', 'டெஸ்பராடோஸ் 3' இரண்டையும் கொடுத்தவர்கள். மேலிருந்து பார்க்கும் கோணம், காவலாளிகளின் பார்வை முக்கோணமாகத் தரையில் தெரியும், அதில் படாமல் ஒவ்வொருவராக மடக்க வேண்டும். 'கமாண்டோஸ்' என்ற பழைய கேமை விளையாடி வளர்ந்தவர்களுக்கு இது புரிந்துவிடும். இந்த முறை கரீபியக் கடல், பேய்க் கப்பல், சபிக்கப்பட்டுச் செத்தும் சாகாத கொள்ளையர்கள்.

ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரு தினுசு. அஃபியாவின் மார்பில் வாள் சொருகியிருக்கும். அதை உருவிக்கொண்டு எட்ட நிற்கும் எதிரி மேல் ஒரே தாவலில் போய் விழுவாள். கேயல் கையில் பீரங்கி. குண்டுக்குப் பதில் ஆளைப் பிடித்து அதற்குள் திணித்துச் சுடுவாள். எதிரியைச் சுட்டால் இன்னொரு எதிரி மேல் போய் மோதுவான். நம் ஆளையே சுட்டால் எட்டாத கூரைமேல் போய் இறங்குவான். டாக்டர், சமையல்காரர், கண் தெரியாமலே தூரத்திலிருந்து குறிபார்த்து அடிக்கும் வீராங்கனை என்று மீதிப் பேரும் இதே பைத்தியக்காரக் கூட்டம்.

ஆட்டத்தின் சுவை எங்கே என்றால், இரண்டு காவலாளிகள் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்பார்கள். ஒருவனைத் தொட்டால் மற்றவன் கத்துவான். மூன்றாமவன் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நடுவில் ரோந்து வருவான். நேரத்தை நிறுத்தி, இவள் இங்கே பாய வேண்டும், அவன் அங்கே சுட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைக் குறித்து வைக்கலாம். ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். மூன்று பேரும் ஒரே கணத்தில் சரிவதைப் பார்க்கும்போது, அரை மணி நேரமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது மறந்துபோகும்.

இந்த வகைக் கேம்களில் அடிக்கடி சேவ் செய்துகொண்டே இருக்க வேண்டும். கடைசியாகச் சேவ் செய்து நேரமாகிவிட்டால் திரையிலேயே ஞாபகப்படுத்துவார்கள். மற்ற இடங்களில் சேவ் என்பது ஆட்டக்காரர் ரகசியமாகச் செய்யும் திருட்டு வேலை மாதிரி இருக்கும். இங்கே அதையே கதையாக்கிவிட்டார்கள். அந்தப் பேய்க் கப்பலுக்கு உயிர் உண்டு, நடந்ததை நினைவாகப் பிடித்து வைத்துத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விடும் சக்தி அதற்கு உண்டு. நாம் சேவ் செய்வதெல்லாம் கப்பலின் மந்திரம். இவ்வளவு எளிய யோசனை இத்தனை ஆண்டுகளாக வேறு யாருக்கும் வரவில்லையே என்று இருந்தது.

ஆகஸ்ட் 29-ஆம் தேதி, கேம் வந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஸ்டூடியோவை மூடப்போவதாக மிமிமி அறிவித்தது. ஒவ்வொரு கேமுக்கும் செலவு ஏறிக்கொண்டே போகிறது, குடும்பத்துக்கும் உடம்புக்கும் நேரமில்லை, இதே ஓட்டத்தை இன்னொருமுறை ஓட முடியாது என்றார்கள் நிறுவனர்கள். டிசம்பரில் கூடுதல் பகுதிகளை வெளியிட்டுவிட்டுக் கடையைக் கட்டினார்கள். விமர்சனங்கள் எல்லாம் நல்லபடியாகத்தான் வந்தன என்பதுதான் எரிச்சல். அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்த அன்றே வெளியிட்டுப் பெரிய பெயர் வாங்கிய 'ஹை-ஃபை ரஷ்' கேமின் ஸ்டூடியோவைக்கூட 2024 மே மாதம் மூடுவதாக அறிவித்தார்கள். அதைப் பிறகு கிராஃப்டான் என்ற தென்கொரிய கேம் நிறுவனம் வாங்கிக் காப்பாற்றியது. மிமிமிக்கு அப்படி யாரும் வரவில்லை.

கண்டுகொள்ளாமல் போனவற்றில் அடுத்தது 'சான்ட்ஸ் ஆஃப் சென்னார்'. பிரான்ஸின் துலூஸ் நகரில் ஒரு சின்னக் குழு செய்தது. ஸ்டார்ஃபீல்டுக்கு முந்தைய நாள் வெளியானது என்றால் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாபெரும் கோபுரம். அடுக்குக்கு அடுக்கு வேறு மக்கள், வேறு எழுத்து. நமக்கு எதுவும் தெரியாது. கதவுப் பக்கத்தில் கிறுக்கியிருப்பதையும் பேசுகிறவர்களின் சைகையையும் வைத்து இதற்கு இதுதான் பொருளாக இருக்கும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நோட்டில் வரும் படங்களோடு ஒரு பக்கத்துக் குறிகள் மொத்தத்தையும் சரியாகப் பொருத்தினால்தான் "சரி" என்று கேம் ஒப்புக்கொள்ளும், அதனால் குருட்டாம்போக்கில் அடித்துத் தப்பிக்க முடியாது. நடுவில் வரும் ஒளிந்து போகும் கட்டங்கள் சுத்தமாகப் போரடிக்கும், அவற்றை எடுத்துவிட்டிருக்கலாம்.

இந்தோனேசியாவின் சுராபாயாவில் உருவான 'எ ஸ்பேஸ் ஃபார் தி அன்பவுண்டு' பிக்சல் படங்களால் ஆனது. 1990-களின் கடைசி, ஒரு சின்ன ஊர், பள்ளிக்கூடம் படிக்கும் ஆத்மா, ராயா. சோடா மூடி சேகரிப்பது, தெருப் பூனைகளுக்குப் பெயர் வைப்பது என்று மெதுவாகப் போகும். என் அளவுகோலில் இது தேறாது, புதிர்கள் சாதாரணம். பிடித்திருக்கிறது, என்ன செய்ய?

'வெண்பா'வை விட்டால் நீங்களே கேட்பீர்கள். டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்த சமையல் கேம், ஜூலை 31 வெளியீடு. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், வெண்பா, பாவலன், மகன் கவின். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கறைபட்டுக் கிழிந்திருக்கிறது, விட்டுப்போனதை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலிலேயே இட்லி. தட்டுகளை எப்படித் திருப்பி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதுதான் புதிர். நம்மில் பலருக்குக் கை தானாகவே செய்துவிடும் வேலை அது, வெளிநாட்டுக்காரர்கள் அங்கே திணறுவதை யூடியூபில் பார்ப்பது தனிச் சுகம். சமைக்கும்போது ரேடியோவில் ஒலிக்கும் பாட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துத் தமிழ் சினிமா இசையை நினைவுபடுத்தும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதையும் வாங்கிவிட்டது. அப்படியானால் இது எப்படிக் கண்டுகொள்ளப்படாத கேம் என்றால், நம்மவர்களில் இதைப் பற்றிய செய்தியைப் பகிர்ந்தவர்கள்தான் அதிகம், விளையாடியவர்களை நான் பார்த்ததே குறைவு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். புதிர்கள் இன்னும் கொஞ்சம் கடினமாக இருந்திருக்கலாம்.

எதில் தொடங்குவது என்றால், அது உங்கள் மெஷினைப் பொறுத்தது. பால்டர்ஸ் கேட்டுக்கு எஸ்எஸ்டியில் 150 ஜிபி இடம் வேண்டும், ஆலன் வேக் 2 பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கிட்டவே சேர்க்காது. சாதாரண லேப்டாப் என்றால் வெண்பாவும் சான்ட்ஸ் ஆஃப் சென்னாரும் தாராளமாக ஓடும். ஷேடோ கேம்பிட்டை ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள், சேலில் விலை நன்றாக இறங்கும். அதில் ஆட்களை எந்த வரிசையில் உயிர்ப்பிப்பது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கேயலை சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், பீரங்கி இல்லாமல் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?