குழந்தைகள் நலக் குழுவின் கோப்பு: யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது?

குழந்தைகள் நலக் குழு, அதாவது பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி மாவட்ட அளவில் முடிவெடுக்கும் குழு. அதன் வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞர் நான். கோப்பு, ரகசியம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, ஒரு குழந்தைகள் இல்லம் பற்றி மாநில குழந்தைகள் உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்பினேன். விசாரிக்க வந்தவரிடம் "எல்லாம் ரகசியம்" என்று சொல்லி கோப்பையே காட்டவில்லையாம். அப்படிச் சொல்லலாமா?

ஆணையம் முறையாகக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. இந்த ஆணையங்களை உருவாக்கிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-வது பிரிவு, விசாரணையின்போது ஆணையத்துக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தருகிறது: ஆளை வரவழைக்கலாம், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம், எந்த அலுவலகத்திலிருந்தும் பொது ஆவணத்தைக் கேட்டு வாங்கலாம். 24-வது பிரிவின்படி மாநில ஆணையத்துக்கும் இதெல்லாம் உண்டு. ஆனால் வந்தவர் வாய்வார்த்தையாகக் கேட்டாரா, எழுத்தில் உத்தரவோடு வந்தாரா என்று முதலில் விசாரியுங்கள். நான் பார்த்த வரை பாதி இடங்களில் சிக்கல் அங்கேதான். ரகசியம் என்பது குழந்தைக்காகப் பிடித்த குடை. இல்லக் கண்காணிப்பாளர் வந்து ஒதுங்கிக்கொள்வதற்கு இல்லை.

ஆணையம் போலீஸிடமும் விவரம் கேட்கலாமா?

கேட்கலாம். மேற்கு வங்காளம் ஜல்பாய்குரியில் இல்லக் குழந்தைகளைச் சட்டவிரோதமாகத் தத்துக் கொடுத்த விவகாரத்தில், தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் விவரம் கேட்டதை எதிர்த்து ஒரு காவல்துறை உயரதிகாரி உயர் நீதிமன்றம் போனார், தடையும் கிடைத்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தேசிய ஆணையமும் மாநில ஆணையமும் மல்லுக்கட்டாமல் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

என் பேரன் இல்லத்தில் இருக்கிறான். அவனைப் பற்றிய அறிக்கையின் நகல் பாட்டியான எனக்குக் கிடைக்குமா, அம்மா? ஆர்டிஐ போடச் சொல்கிறார்கள்.

ஆர்டிஐ வேண்டாம் பாட்டி, தனிப்பட்ட விவரம் என்று 8(1)(ஜெ) பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 99-வது பிரிவில் அறிக்கைகள் ரகசியம்தான், ஆனால் அதன் சாராம்சத்தைக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ குழு சொல்லலாம். அதனால் நீங்கள்தான் அவனை வளர்த்தவர் என்பதற்கு ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று என்று இருப்பதை வைத்து, குழுவிடமே எழுத்தில் கேளுங்கள். குழுவின் உத்தரவே தவறு என்று நினைத்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும், அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

ஆணையம் கோப்பைப் பார்த்துவிட்டுக் குழுவின் உத்தரவை மாற்றிவிடுமா?

மாற்றாது. பரிந்துரைக்கும், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகும், அவ்வளவுதான். குழு நடந்துகொள்ளும் விதத்தில் குறை என்றால் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள்.

ஆணையத்தில் இருப்பவரே பத்திரிகையாளரிடம் குழந்தையின் பெயரைச் சொல்லிவிட்டால்?

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு அவருக்கும்தான். பெயர், முகவரி, பள்ளி எதுவும் வெளிவரக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டுமே கூட.

நான் தத்துப் பிள்ளை, வயது 24. பெற்ற தாய் யார் என்று ஆணையத்தின் மூலம் கேட்கலாமா?

அதற்கு ஆணையம் வழி இல்லை தம்பி. 18 தாண்டியதால் தத்து நிறுவனத்திடமோ, தத்தெடுப்பை நெறிப்படுத்தும் மத்திய அமைப்பான காராவிடமோ நீங்களே விண்ணப்பிக்கலாம். அந்த அம்மா மறுத்துவிட்டால், உங்களை ஒப்படைத்த சூழலை மட்டும் சொல்வார்கள், பெயரைச் சொல்ல மாட்டார்கள்.