உங்கள் காசுக்கு நீங்களே தரகு கொடுப்பதா?

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் என் பெயரிலேயே பேக்கரி நடத்துகிறேன். சம்பளப் பட்டுவாடா மாதம் 90,000 ராண்ட். ஆளெடுத்துப் பழக்க அரசு பணம் தருகிறதாம். வாங்கித் தர ஓர் ஏஜெண்ட் 30 சதவீதம் கேட்கிறார். தங்கை மகனையும் இதில் சேர்த்துவிடலாமா?
— டர்பன் வாசகர்

பதில்: கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறார் ஏஜெண்ட். கடை உங்களுடையது.

ஆண்டுச் சம்பளம் 5 லட்சம் ராண்டைத் தாண்டினால் 1 சதவீதம் திறன் வரி. நீங்கள் மாதம் 900, ஆண்டுக்கு 10,800 ராண்ட் தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸுக்குக் கட்டுகிறீர்கள். இதில் 20 சதவீதம், அதாவது 2,160 ராண்ட், உரிமையாகவே திரும்பி வரும். ஏப்ரல் 30-க்குள் வரும் ஆண்டின் பயிற்சித் திட்டத்தையும் சென்ற ஆண்டின் பயிற்சி அறிக்கையையும் உங்கள் தொழில்துறைக்கான பயிற்சி வாரியமான சீட்டாவில் ஆன்லைனில் போட்டால் போதும். உணவுத் தயாரிப்புக்கு ஃபுட்பெவ் சீட்டா. போடாமல் விட்டால் ஆகஸ்ட் 15-இல் அந்தப் பணம் பொதுக் குடத்தில் கவிழ்ந்துவிடும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

முதலில் ஒன்றைப் பாருங்கள். 'எல்' எழுத்தில் தொடங்கும் உங்கள் வரி எண் எந்த சீட்டாவின்கீழ் பதிவாகியிருக்கிறது? கணக்கர் அவசரத்தில் சில்லறை வியாபாரம் என்று எழுதியிருந்தால், உங்கள் பணம் அங்கே போய்க்கொண்டிருக்கும். நீங்கள் இங்கே மனுப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பெரிய தொகை விருப்ப மானியத்தில் இருக்கிறது. வரியில் 49.5 சதவீதம் அதற்குத்தான். ஆனால் சீட்டா அறிவிப்பு விடும் நாட்களில் மட்டுமே கேட்கலாம். தருவதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. அதை 'உறுதியாக வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது இளையோர் வேலை வரிச்சலுகை. 18 முதல் 29 வயது வரை உள்ளவரை 7,500 ராண்டுக்குக் குறைந்த மாதச் சம்பளத்தில் எடுத்தால், முதல் 12 மாதம் மாதத்துக்கு 1,500 ராண்ட் வரை, அடுத்த 12 மாதம் அதில் பாதி. 5,500-க்கு மேல் ஏற ஏறச் சலுகை தேயும்: 6,500 கொடுத்தால் 750 ராண்ட்தான். இதற்குத் தனி மனு இல்லை. மாதாமாதம் போடும் இ.எம்.பி. 201 படிவத்திலேயே, ஊழியர்களிடம் பிடித்த வருமான வரியில் கழித்துக்கொள்ள வேண்டும். பேக்கரிச் சம்பளத்தில் பலருக்கு வரியே வராது, எதில் கழிப்பது என்பீர்கள். மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும். அரையாண்டுக் கணக்கு ஒப்படைத்தபின் பணமாக வரும். ஒரு படிவம் பாக்கி, ஒரு வரிக்கடன் நிலுவை என்றால் வராது. பலருக்கு நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்துவிட்டுச் சலுகை எடுத்தால், எடுத்த அளவே அபராதம். பழைய ஆளை அனுப்பிவிட்டு இளசை உட்கார வைத்தால் தலைக்கு 30,000 ராண்ட்.

பயிற்சி ஒப்பந்தத்தை சீட்டாவில் பதிவுசெய்து ஆளைப் பழக்கினால், ஆண்டுக்கு 40,000 ராண்டும், படிப்பு முடிந்ததும் இன்னொரு 40,000-மும் வருமானத்தில் கழிவு உண்டு. கழிவு என்றால் கையில் காசு அல்ல. 31 சதவீத வரிப்படியில் இருப்பவருக்கு 40,000-இல் மிஞ்சுவது 12,400. ஒப்பந்தம் 2027 மார்ச் 31-க்குள் ஆகியிருக்க வேண்டும்.

படிவம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால் பேசிய கூலி கொடுங்கள், பங்கு கொடுக்காதீர்கள். சார்ஸ் கடவுச்சொல்லையும் கொடுக்காதீர்கள்.

தங்கை மகனைத் தாராளமாக வேலைக்கு வையுங்கள். ஆனால் கடை உங்கள் பெயரில் இருப்பதால், உறவு வரிசையில் மூன்றாம் படிக்குள் வரும் இரத்த உறவுக்கு இளையோர் சலுகை கிடையாது; தங்கை மகன் அந்த மூன்றாம் படி. அவன் சம்பளம் முழுக்க மாமன் கைக்காசுதான்.