சுடுநீர்த் தொட்டியின் அடியில் சொட்டும் நீர்

உங்கள் வீட்டில் சுவிட்சைப் போட்ட பிறகுதான் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்றால், தொட்டியை மாற்ற வேண்டியதில்லை. 50 லிட்டர் நீர் 25 பாகையிலிருந்து 75 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 1 லிட்டர் விரிவடைவதால், அந்த மிகுதியையே வால்வு வெளியேற்றுகிறது.

நீர் ஆறிய பின்னும் சொட்டினால் வால்வில் மண்துகள் சிக்கியிருக்கலாம். மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, நீர் நன்கு ஆறியதும் வால்வின் நெம்புகோலைச் சில விநாடிகள் தூக்கிவிடுங்கள். அதன் பிறகும் சொட்டினால், குழாய் இணைப்புகளைத் துடைத்து, ஒவ்வொன்றிலும் டிஷ்யூ தாளைச் சுற்றி, எது முதலில் நனைகிறது என்று பாருங்கள். வெளிமூடியின் விளிம்பில் பழுப்பு நீர் கசிந்தால் உள்தொட்டி துருப்பிடித்திருக்கும். அதற்குப் பசையோ பற்றவைப்போ நிலைக்காது.

சொட்டுவதை நிறுத்த வால்வின் வாயை மட்டும் ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் ஏறித் தொட்டியே வெடிக்கக்கூடும்.