ஒரு சாண் மஃப்ளர்

கேள்வி: எனக்கு 29 வயது. சொந்த ஊர் விருதுநகர். வங்கி வேலையில் மாற்றலாகி ஊட்டிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கிளையில் நாங்கள் ஐந்து பெண்கள் நெருக்கம். மாதாமாதம் பென்ஷன் வாங்க ஒரு வயதான அம்மா வருவார். கழுத்தில் எப்போதும் ஒரு நீல மஃப்ளர். "என் சிநேகிதி கையால போட்டது, நாற்பது வருஷமாச்சு" என்று அதைத் தொட்டுத் தொட்டுச் சொல்வார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஏக்கம். திபெத்தியர் கடைகளில் மூன்று வாங்கிவிட்டேன், மனசு நிறையவில்லை. தோழிகள் யாருக்கும் பின்னத் தெரியாது. நூலும் ஊசியும் நானே வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி மட்டும் போன டிசம்பரில் யூட்யூப் பார்த்து ஒரு சாண் பின்னிக்கொண்டு வந்தாள். மீன் வலை மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு எல்லோரும் சிரித்தோம். அதோடு விட்டுவிட்டாள். இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வருவதும் இல்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம். எனக்காகக் கொஞ்ச நேரம் செலவழிக்க ஒரு ஆள்கூட இல்லையே என்று இருக்கிறது. நான் எதிர்பார்ப்பது தவறா?

— ஊட்டி வாசகி

பதில்: என் மகளுக்கும் ஏறக்குறைய உன் வயதுதான். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

'எனக்கென்று யாரும் இல்லை' என்ற கடிதம் வாரத்துக்கு ஒன்றாவது எனக்கு வந்துவிடும். ஒருத்திக்குக் கல்யாண நாளை மறந்த கணவர், இன்னொருத்திக்குப் பொங்கல் சீர் கொண்டுவராத அண்ணன். உனக்கு மஃப்ளர். பாவம் என்று இரண்டு வரி எழுதி உன்னைத் தேற்றலாம். ஆனால் உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன், மூன்று தரமும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு சாண்.

யாருக்கும் பின்னத் தெரியாது என்று எழுதிய கையோடு, ஒருத்தி ஒரு சாண் பின்னிக்கொண்டு வந்தாள் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். போகிற போக்கில், சிரிப்புக்காக எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சாண் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்கிறேன்.

கழுத்துக்குப் போடுகிற மஃப்ளர் என்றால் அகலம் 20 சென்டிமீட்டராவது வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற கம்பளி நூலில், எட்டாம் நம்பர் ஊசியில், அதற்கு 44 கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்ற வேண்டும். அது 4 மில்லிமீட்டர் ஊசி. எல்லா வரிசையும் ஒரே மாதிரி போடுகிற எளிய பின்னலில் ஒரு சென்டிமீட்டர் ஏறுவதற்கு நாலு வரிசை ஆகும். ஒரு சாணுக்கு எண்பத்தெட்டு, தொண்ணூறு வரிசை. பெருக்கிப் பார், நாலாயிரம் கண்ணிக்குப் பக்கத்தில் வருகிறது. புதிதாகப் படிக்கிற கைக்கு ஒரு நிமிடத்தில் பத்து கண்ணி போனால் பெரிய விஷயம். அப்படியானால் ஆறேழு மணி நேரம். தப்பாகிப் பிரித்துப் பிரித்துப் போட்டது இந்தக் கணக்கில் இல்லை. பகலெல்லாம் கவுன்ட்டரில் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டு, ஊட்டியின் டிசம்பர் குளிரில் போர்வைக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அந்தப் பெண் நாலாயிரம் தடவை நூலைச் சுற்றி இழுத்திருக்கிறாள். உனக்காக. எனக்காக நேரம் செலவழிக்க ஒரு ஆள்கூட இல்லை என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

மீன் வலை மாதிரி இருந்ததாம். இருக்கத்தான் செய்யும். ஒரு கண்ணி முடிந்து அடுத்த கண்ணிக்குப் போகும்போது நூல் பின்பக்கம்தான் இருக்க வேண்டும். தெரியாமல் முன்பக்கம் வந்துவிட்டால் ஊசிமேல் ஒரு சுற்று கூடுதலாக விழும். அடுத்த வரிசையில் அந்த இடம் ஓட்டையாகிவிடும். 44 ஆக ஆரம்பித்தது இப்படியே 50 ஆகி, துணி பாவாடை மாதிரி விரிந்துகொண்டு போகும். இன்னொரு ஓட்டை, கண்ணி நழுவினால் வருவது. நழுவிய கண்ணி ஏணியில் இறங்குகிற மாதிரி படிப்படியாகக் கீழே போகும். பழகிய கை இருந்தால் முனையில் கொக்கி இருக்கிற குரோஷா ஊசியை விட்டு ஒவ்வொரு படியாகத் தூக்கி மேலே ஏற்றிவிடலாம், இரண்டு நிமிட வேலை. பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லாத பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? பின்னப் பழகுகிற ஒவ்வொருவருடைய முதல் சாணும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பென்ஷன் அம்மாவின் சிநேகிதியும் முதலில் ஒரு மீன் வலையைப் பின்னித்தான் கை பழகியிருப்பாள். அன்றைக்கு அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நாற்பது வருடமாகக் கழுத்தில் கிடக்கிற அந்த நீல மஃப்ளர் ஏது?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நீ பல்லைப் பிடித்துப் பார்த்தாய், அதைப் போட்டோ எடுத்து நாலு பேருக்கும் காட்டினாய். அந்தப் பெண்ணும் அந்தக் குரூப்பில்தானே இருக்கிறாள்? அவளும் கூடச் சேர்ந்து ஒரு சிரிக்கிற பொம்மை போட்டிருப்பாள். எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாலு பேர் சிரிக்கும்போது அடிபட்டவளும் சேர்ந்து சிரித்துத்தான் ஆக வேண்டும். அப்புறம் வீட்டுக்குப் போய் அந்த ஊசியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருப்பாள்.

என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, அவருக்கு ஒரு மஃப்ளர் பின்னிக் கொடுத்தார். பழுப்பு நிறம். ஆனால் கடைசி ஒரு முழம் பளீரென்று பச்சை. பழுப்பு நூல் தீர்ந்துவிட்டது, வீட்டில் கிடந்த பச்சையை வைத்து அத்தை முடித்துவிட்டார். மார்கழி முழுக்க அப்பா விடியற்காலையில் அதைச் சுற்றிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார். பச்சை முனை எப்போதும் சட்டைக்கு மேலே தொங்கும். அம்மாவுக்கு அது கூச்சம். "அந்த முனையை உள்ள விட்டுக்கக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டாள். "என் தங்கச்சிக்குக் காசு தீர்ந்த இடம் அது. அதை எதுக்கு மறைக்கணும்?" என்றார் அப்பா. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அத்தையின் வீட்டுக்காரருக்கு வேலை போன வருடம் அது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அந்தப் பச்சையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. அந்த மாதமே நெல் மூட்டையோடு தங்கை வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார்.

அந்த நெல் மூட்டை இல்லாமல் அந்த மஃப்ளர் இல்லை. நீ துணியை மட்டும் கேட்கிறாய். உன் ஊரிலேயே பார், தோடர் பெண்கள் பூத்துக்குளி என்று ஒரு போர்வைக்குப் பூ வேலை செய்கிறார்கள். வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்பும் நூல். வரைந்து வைத்துக்கொண்டு போடுவதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசியை விடுவார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது அது கடையிலும் விற்கிறது, விற்கட்டும், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் அந்தச் சமூகத்தில் நல்லதுக்கும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறார்கள், ஒருவர் இறந்தால் அவரைச் சுற்றிக்கொண்டு போவதும் அதில்தான். கையால் செய்தது என்பதற்கு நான் கண்ட அர்த்தம் அதுதான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து நிற்கிறவர்களுக்காகத்தான் ஒரு கை இப்படி இழை எண்ணும். திபெத்தியர் கடையில் நீ வாங்கிய மூன்றும் நன்றாகவே குளிர் தாங்கும். பெரும்பாலும் லூதியானா பக்கத்திலிருந்து மெஷினில் பின்னி வருகிற சரக்கு, அதில் ஒரு குறையும் இல்லை. அது போதவில்லை, ஒருவர் மடியில் வைத்துப் பின்னியது வேண்டும் என்று கேட்கிறாய். சரி, கேள். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் நீ அந்த ஒருவருக்கு யார்?

இங்கேதான் உன் கடிதத்தின் இன்னொரு வார்த்தைக்கு வருகிறேன். 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்.' அது என்ன 'யாம்'? நீ போய்ப் பார்த்திருந்தால் 'சரியில்லை' என்று எழுதியிருப்பாய். நெஞ்சு வலியா, சர்க்கரையா, ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா, வீட்டிலா என்று எழுதியிருப்பாய். யாரோ சொல்லக் கேட்டதால் 'யாம்' போட்டுவிட்டாய். ஒரே ஊர், ஒரே கிளை, தினமும் பக்கத்து நாற்காலி. அவள் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்பது உனக்கு உன் குறையாகத் தெரிகிறது. அவள் வீட்டில் அவர் எப்படிக் கிடக்கிறார் என்பது காதில் விழுந்த சேதியாக இருக்கிறது. உன்னை இந்த அளவுக்குக் கோபிக்க எனக்கு உரிமை இல்லை என்று நீ நினைக்கலாம். நீ எழுதிக் கேட்டாய், அதனால் சொல்கிறேன். வெளியூரில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கூட வேலை செய்கிறவர்கள்தான் சித்தி, பெரியம்மா, அத்தை எல்லாம். உனக்கு நாளைக்குக் காய்ச்சல் வந்தால் விருதுநகரிலிருந்து உன் அம்மா வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்? அதுவரை கஞ்சி வைத்துத் தரப்போகிறவள் யார்? சிநேகிதம்தானே என்று தள்ளி நிற்கலாம், உறவுமுறை கொண்டாட வேண்டாம் என்கிற பேச்சு இப்போது நிறையக் கேட்கிறேன். எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. ஒருவர் வீட்டில் படுக்கையில் ஆள் இருந்தால் நாம் போக வேண்டும். கூப்பிட்டால் போகிறேன் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை போ. இரண்டு ஆரஞ்சுப் பழமோ, பிரெட்டோ, கையில் என்ன முடிகிறதோ வாங்கிக்கொண்டு போ. மஃப்ளர் பேச்சை அன்றைக்கு எடுக்கவே கூடாது. அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். அவளை நாலு மணி நேரம் தூங்கச் சொல்லிவிட்டு, மாத்திரை நேரம் கேட்டுக்கொண்டு நீ பார்த்துக்கொள். அடுத்த வாரமும் போ. குரூப்பில் மற்ற மூன்று பேருக்கும் முறை போட்டுக் கொடு. அந்தப் போட்டோவை அழித்துவிடு. எங்கே சிரித்தாயோ அதே குரூப்பில், எல்லோரும் பார்க்க, தப்பு செய்துவிட்டேன் என்று எழுது. தனியாகக் காதோடு சொல்கிற மன்னிப்பு இதற்குப் போதாது.

அப்புறம் நீ பின்னக் கற்றுக்கொள். உனக்கு இல்லை, அவள் அப்பாவுக்கு. எட்டாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, முன்னே சொன்ன அதே சாதாரணக் கம்பளி நூல் 200 கிராம். கம்பளி என்று சொல்லி விற்பதில் நிறைய அக்ரிலிக்தான். தொட்டுப் பார், கழுத்தில் வைத்துப் பார், வயதானவர் தோலுக்குக் குத்தாமல் இருந்தால் அக்ரிலிக்கே போதும், துவைக்கவும் சுலபம். 44 கண்ணி ஏற்று. வரிசை முடிகிற ஒவ்வொரு தடவையும் 44 இருக்கிறதா என்று எண்ணு. பயத்தில் நூலை இறுக்கி இழுப்பாய், இழுக்காதே, ஊசி கண்ணிக்குள் தாராளமாகப் போய்வர வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 600 வரிசை, 26,400 கண்ணி. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்றரை மாதம். தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைகிற சமயத்துக்கு அவர் கழுத்துக்கு வந்துவிடும். எங்கே தடுமாறினாலும் அந்தப் பெண்ணிடமே கேள். உங்கள் ஐந்து பேரில் பின்னத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, அவள் முகம் தெளிந்திருக்கிற ஒரு நாளில், அந்த ஒரு சாண் இன்னும் இருக்கிறதா என்று கேள். பிரிக்காமல் ஊசியிலேயே வைத்திருந்தால், அப்படியே ஓரம் முடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொள். மேற்கொண்டு பின்னச் சொல்லாதே. ஒரு சாண் துணி கழுத்தைச் சுற்றாது, ஆனால் ஸ்வெட்டருக்கு உள்ளே தொண்டைக்குழியை மூடி இரண்டு ஊக்கு குத்தினால் அழகாக நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போ. பென்ஷன் தேதிக்கு அந்த அம்மா வந்து, கழுத்தில் என்ன என்று கேட்டால், யார் போட்டது என்று சொல்.