நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பாலுக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு ஈன்ற இரண்டு கன்றுகளும் பதினைந்து நாளுக்குள் வெள்ளைக் கழிச்சலில் இறந்துவிட்டன. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் ஊட்டுகிறோம். பிறந்ததும் போட ஏதாவது தடுப்பூசி உண்டா?

பதில்: தடுப்பூசியைத் தேட வேண்டாம் ஐயா, முதலில் சீம்பால் ஊட்டும் நேரத்தை மாற்றுங்கள்.

மாட்டினத்தில் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போவதில்லை. கன்று அவை ஏறக்குறைய இல்லாமலே பிறக்கிறது. முதல் கறவைச் சீம்பாலில்தான் அவை செறிந்திருக்கும். அவற்றைச் சிதைக்காமல் ரத்தத்தில் சேர்க்கும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்தவுடன் மிகுதி. மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் நின்றுபோகும். கொடி விழ 8 முதல் 12 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை பட்டினி கிடக்கும் கன்று சாணம் பட்ட தரையையும் மடியையும் நக்கிக் கிருமியைத்தான் முதலில் விழுங்கும்.

முன்னதாகக் கறந்தால் கொடி தங்கிவிடும் என்று பயப்படாதீர்கள். காம்பைச் சப்பும்போது பசுவின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருங்கவைத்துக் கொடி விழ உதவவே செய்யும்.

மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, முதல் ஓரிரு பீச்சை வெளியே விட்டு, சுத்தமான பாத்திரத்தில் கறந்துகொள்ளுங்கள். 25 கிலோ கன்றுக்கு, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்றேகால் லிட்டர். ஆறு மணி நேரத்துக்குள் இன்னொரு ஒன்றேகால். கன்று தானாகக் குடிக்கட்டும் என்று விட்டால் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. நிப்பிள் பாட்டில் நல்லது. மூங்கில் குழாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சவும் கூடாது, திரிந்து, எதிர்ப்புப் புரதமும் அழிந்துவிடும். தொப்புளில் டிங்க்சர் அயோடின் தடவுங்கள்.

சீம்பாலின் நிறத்தை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. சீம்பாலின் செறிவை அளக்கும் பிரிக்ஸ் மானியில் 22-க்கு மேல் காட்டினால் நல்லது. ஈனுவதற்கு முன்பே மடியிலிருந்து ஒழுகியிருந்தால் தரம் குறைந்திருக்கும். அப்போது உங்கள் கொட்டகையின் வேறொரு மாட்டின் முதல் சீம்பால்தான் கைகொடுக்கும். மிஞ்சும்போது ஃப்ரீசரில் உறையவைத்து, 50 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் பாட்டிலோடு வைத்து உருக்குங்கள். சீம்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் முட்டை, விளக்கெண்ணெய் கலந்த பால் வெறும் உணவுதான். இந்தப் பாதுகாப்பு அதில் கிடைக்காது.

தாய்ப்பசு எந்த நோய்களுக்கு எதிர்ப்புப் பெற்றிருக்கிறதோ அவற்றுக்கான புரதமே சீம்பாலில் வரும். அதனால் தாய்க்குத் தடுப்பூசி தவறக் கூடாது. கன்றுக்குக் கோமாரித் தடுப்பூசியை 4 மாதத்தில் தொடங்குங்கள். அதற்கு முன் போட்டால் சீம்பாலில் வந்த புரதமே ஊசியின் வேலையைத் தடுத்துவிடும்.